தட்டு வெட்டற மிசினு மேல விழுந்த பழி

சித்தெ அக்கட்டால நகந்துக்கறீங்களா சார்? வெயிலு அடிக்குது. ஆங், போதும் போதும். அந்தக் கவர்ல இருக்கறது கருப்புக் கோட்டுங்களா? நெனச்சேன். பஸ்சுல இத்தனை சீட்டு காலியாக் கெடக்குது, இந்த ஆளு எதுக்கு நம்மளை வந்து நெருக்கறான்னு பாத்திருப்பீங்க. கோட்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன். கோயமுத்தூரு கோர்ட்டுக்குங்களா? நல்லதாப் போச்சு. உக்கடம் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு ஒரு சட்ட சந்தேகம் தீரோணும். கேக்கலாமுங்களா?

ஒரு மிசினு மேல ஊரே பொய்யாப் பழி போட்டா, அந்த மிசினுக்குச் சொந்தக்காரன் மானநஷ்ட கேசு போட முடியுங்களா?

சிரிக்காதீங்க சார். மனுசன் மேல பழி போட்டா அவன் வாயைத் தொறந்து இல்லைங்கலாம். மாட்டு மேல போட்டாக் கூட அது ஒரு முட்டு முட்டும். மிசினு என்ன பண்ணும்? ஊமையா நிக்குது. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது.

எங்கூட்டுல மாட்டுக்குத் தட்டு வெட்டற மிசினு ஒண்ணு இருக்குது. சோளத்தட்டை இந்தப் பக்கம் குடுத்தா அந்தப் பக்கம் பொடிசா வந்து விழும். எங்கய்யன் காலத்துல கையில சுத்தறது, நான் மோட்டாரு வெச்சேன். இன்னைத் தேதி வரைக்கும் அது ஒரு ஆளோட நகத்தைக் கூடத் தொட்டது கெடையாது. அந்த மிசினுதான் எந்தங்கச்சி கையை முழுங்கிருச்சுன்னு இன்னைக்கு ஊரெல்லாம் பேச்சு. முழுங்குனது நார் மில்லு மிசினு சார். எங்கூட்டு மிசினு ஒரு பாவமும் அறியாது.

அப்பறம் எப்படி அதும் பேரு வந்துச்சுன்னு கேப்பீங்க. வரிசையாச் சொல்றேன், இல்லீன்னா உங்களுக்குக் கொழம்பிப் போயிரும். ஏனுங்க கண்டக்டரு, ரெண்டு உக்கடம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு முன்னால... வேண்டாம், ஒண்ணு போதும். ஒண்ணே குடுங்க.

என் பேரு திருமூர்த்தி. நெகமம் பக்கம் தோப்பு. எங்கூருல எந்தத் தகராறா இருந்தாலும் பேசி முடிக்கறது நான்தான். வரப்பு வெட்டிட்டான்னு வருவாங்க, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு வருவாங்க. எங்கூருல இருந்து போலீசு டேசனுக்குப் போன கேசு ஒண்ணு கெடையாதுன்னு எங்க போனாலும் நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். வக்கீல் கிட்டச் சொல்ற சேதி இல்லதான் இது, கோவிச்சுக்காதீங்க. பேசி முடிக்கறதுல ஒரு தொழில் சூட்சுமம் இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் வயிறு எரியோணும். ஆனா எவனுக்கு எச்சா எரியுதோ, அவன் சத்தம் போடாத ஆளா இருக்கோணும். அப்பத்தான் ஊரு அமைதியா இருக்கும்.

எந்தங்கச்சி துளசிமணி சத்தம் போடாத ஆளு. போட்டதே இல்லை. புருசன் தவறிப் போனதுக்கப்பறம் ஒரு பொம்பளப்புள்ளையை வெச்சுக்கிட்டு ஒண்டியாக் கெடந்தா. நான்தான் கனகராசண்ணன் கிட்டச் சொல்லி நார் மில்லுல வேலைக்குச் சேத்து உட்டேன். நம்ம தோப்பு மட்டையெல்லாம் அவரு மில்லுக்குத்தான் போகுது, அந்தப் பழக்கம். நல்ல மனுசன் சார். என்னையப் பாத்தா வண்டியை நிறுத்தாமப் போக மாட்டாரு.

நார் மில்லு பாத்திருக்கீங்களா? தேங்கா மட்டையை வாயில குடுத்தா உள்ளாற இரும்புப் பல்லு வெச்ச உருளை சுத்திக்கிட்டே இருக்கும். நாரு ஒரு பக்கம், தூளு ஒரு பக்கம் பிச்சுத் தள்ளீரும். நனைஞ்ச மட்டையா இருந்தா வாயில அடைச்சுக்கும். அடைச்சா மிசினை நிறுத்திட்டு எடுக்கோணும். ஆனா சுவிட்சு அண்ணனோட ரூமுக்குள்ள இருக்குது. ஆளுக சும்மா சும்மா நிறுத்திட்டுப் பீடி குடிக்கப் போயிர்றாங்கன்னு அவரு ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிருவாரு. அதனால ஓடும்போதே கையை உட்டு இழுத்து எறியறதுதான் அங்க பழக்கம். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. மிசினு வாங்கும்போது வாய்க்கு ஒரு மூடி குடுத்தாங்க. மூடி இருந்தா மட்டை சல்லுனு போகாதுன்னு கழட்டி ஓரமா வெச்சுட்டாங்க. பொம்பளைக அதும் மேலதான் சோத்துப் போசி வெப்பாங்க.

என்னங்க? சுத்தற பாகத்தை மூடித்தான் வெக்கோணும்னு சட்டமே இருக்குதுங்களா? இருக்கும், இருக்கும். சட்டத்துல எல்லாந்தான் இருக்குது. மட்டைக்குத் தெரியோணுமில்ல?

இருங்க, போன் அடிக்குது. கனகராசண்ணன்தான். காலைல இருந்து எத்தனை வாட்டின்னு இல்லை. அடிக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்.

எங்க உட்டேன்? ஆங், அன்னைக்கு. மழையில நனைஞ்ச மட்டை. நம்ம டெம்போவுலதான் போச்சு. எறக்கிப் போட்டுட்டு நான் வாசல்ல நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கறேன். ‘அண்ணா’ன்னு ஒரு சத்தம். ஒரே ஒரு வாட்டிதான் சார். நான் துளசி கூப்புடறா, எதுக்கோ கூப்புடறான்னுதான் திரும்பினேன். பாத்தா முழங்கை வரைக்கும் உள்ள போயிருச்சு. மிசினு இழுத்துக்கிட்டே இருக்குது. வேலைக்கு இருந்த வடக்கத்திப் பசங்க ரெண்டு பேரு அவ இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுகறாங்க. நான் ரூமுக்கு ஓடினேன். பூட்டு. கடப்பாரையை எடுத்துக் கதவைப் பேத்து, உள்ள பூந்து சுவிட்சைத் தட்டினது ஆருங்கறீங்க? நான்தான். இன்னும் சித்தெ நேரம் போயிருந்தா தோளோட போயிருக்கும். அதை எவனும் சொல்ல மாட்டான். அதைச் சொல்றதுக்கு ஊருல ஒருத்தனுக்கு வாய் கெடையாது.

தண்ணி இருக்குதுங்களா சார் உங்க கிட்ட? ஒரு முழுங்கு குடுங்க. வேண்டாம், வெச்சுக்கங்க, எறங்கிக் குடிச்சுக்கறேன்.

டெம்போவுல போட்டுப் பொள்ளாச்சிக்கு ஓட்டினோம். அவ தலை என் மடியில. ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தா அண்ணன் எங்களுக்கு முன்னால வந்து நிக்கறாரு. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. ‘திருமூர்த்தி, மில்லுலன்னு சொன்னீன்னா போலீசு வரும், ஆபீசருக வருவாங்க, மில்லைப் பூட்டீட்டுப் போயிருவாங்க. பூட்டினா நாளைக்கு இவளுக்கே வேலை ஏது? நான் இவளைக் கூடப் பொறந்தவளாட்டப் பாத்துக்கறேன், எம்மேல நம்பிக்கை இல்லையா?’ன்னாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அத்தனை பெரிய மனுசன் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா நான் என்ன சார் பண்ணுவேன்?

உள்ள டாக்டரு கேக்கறாரு, எப்படி ஆச்சுன்னு. படியில உழுந்துட்டான்னா சொல்ல முடியும்? கையைப் பாத்தா பச்சப்புள்ளைக்கும் தெரியும் மிசினுன்னு. சட்டுனு வாயில வந்தது தட்டு மிசினுதான். ‘எங்கூட்டுலீங்க, மாட்டுக்குத் தட்டு வெட்டறப்ப’ன்னுட்டேன். அவரு எழுதிக்கிட்டாரு. அப்பறம் போலீசுல இருந்து ஒருத்தரு வந்து கேட்டாரு, அவருகிட்டயும் அதேதான். அவ தலையெல்லாம் தேங்கா நாரு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. பாவம், நான்தான் ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டி உட்டேன்.

அவ ஸ்ட்ரெச்சர்ல கெடந்தா. மயக்கம்னு நெனச்சேன். நான் சொல்லி முடிச்சுட்டுத் திரும்பறேன், கண்ணைத் தொறந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கறா. அந்தப் பார்வை என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. வலியாத்தான் இருக்கும்.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு, அதையும் சொல்லோணும். ஆஸ்பத்திரிச் செலவை அவரே பாத்துக்கிட்டாரு. ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கிட்டு அவரே வந்தாரு. அந்த வருசம் மாரியாத்தா நோம்பியில எனக்குத்தான் மொதப் பரிவட்டம் கட்டச் சொன்னாரு. காயம் ஆறுனதுக்கப்பறம் துளசியை மறுக்கா வேலைக்குக் கூப்புட்டாரு. கூட்டற வேலை குடுத்தாரு. ஒத்தைக் கையில சீமாறு புடிச்சுக் கூட்டறது பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குது, நாரு வாங்க வர்றவங்க கேள்வி கேக்கறாங்கன்னு பொறவு நிறுத்திட்டாரு. ‘நீ ஊட்டுலயே இரு அம்மணி’ன்னு மரியாதையாத்தான் சொன்னாரு. அவ என்கிட்ட வந்து, ‘அண்ணா, நீ போய்ப் பேசு’ன்னா. போயிப் பேசினேன். அவரு காப்பி குடுத்து, அவரு பக்கத்து ஞாயத்தைச் சொன்னாரு. சரிதானேன்னு பட்டுது. வந்து அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. சத்தம் போடாத ஆளுன்னு சொன்னனே.

கஷ்டந்தானுங்க, நான் இல்லைங்கலை. சோத்துக் கையே போயிருச்சு. ஒத்தைக் கையில சீலை கட்ட முடியாது. புள்ளை காலேசுக்குப் போறதுக்கு முன்னால கட்டி உட்டுட்டுப் போகோணும். அந்தப் புள்ளைக்குக் காலைல பஸ்சு. அதனால இவ விடியறதுக்குள்ள எந்திரிச்சு, சீலையைக் கட்டிக்கிட்டு, எங்கயும் போகாம, நாளெல்லாம் சும்மா உக்காந்திருப்பா. நான் ஒருக்காப் போறப்ப அப்படித்தான் உக்காந்திருந்தா. அப்பறம் நான் அந்தப் பக்கம் எச்சாப் போறதில்லை.

சரி, மிசினு கதைக்கு வர்றேன். ஒரு பொய்யைச் சொல்லீட்டா அதுக்குச் சோறு போட்டு வளத்தோணுமில்ல? பாக்க வர்றவங்க எல்லாம் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க. ஆஸ்பத்திரில ஒண்ணு, ஊருல ஒண்ணுன்னு பேச முடியுங்களா? சொல்லச் சொல்ல எனக்கே நல்லாச் சொல்ல வந்துருச்சு. அவ எங்க நின்னா, வளையலு எப்படி மாட்டுச்சு, நான் எங்க இருந்து ஓடியாந்தேன். எல்லாம் பொருத்தமா வந்து உக்காந்துருச்சு. ஊரு நம்பிருச்சு.

நம்புனதுல வந்துது வெனை. ஆட்டுக்குத் தழை வெட்டறதுக்குன்னு பக்கத்துக்காடு ராசாத்தி தெனமும் எங்கூட்டுக்குத்தான் வருவா. இப்ப வர்றதில்லை. கொழந்தைகளை எங்க வாசப்பக்கம் அண்ட உடமாட்டேங்கறாங்க. ‘அங்க போகாதே, அத்தை கையை எடுத்த மிசினு’ங்கறாங்க. காவு வாங்கின மிசினாமா! ஒருத்தன் என்கிட்டயே வந்து, அதை எடைக்குப் போட்டுருங்கங்கறான். சார், எல்லாத்தையும் உடுங்க. எங்கூட்டுக்காரிக்கு நடந்தது முச்சூடும் தெரியும். மில்லுலதான்னு தெரியும். ஆயுதபூசை அன்னைக்குப் பாக்கறேன், அவ அந்த மிசினுக்குப் பூசணிக்காய் சுத்தி ஒடைக்கறா, எலுமிச்சம்பழம் வெச்சுக் கும்புடறா. ‘ஏண்டி, உனக்குமா?’ன்னேன். ‘எதுக்கும் இருக்கட்டுமுங்க’ங்கறா!

எனக்குத் தூக்கமே போச்சு. கடைசில பட்டறைக்காரனைக் கூப்புட்டு, நல்ல கனமான தகடு வாங்கி, வாய்க்கு மூடி அடிச்சு உட்டேன். கையில எட்டற தூரத்துல தனியா ஒரு செவப்பு சுவிட்சும் வெச்சேன். இப்ப அதுக்குள்ள ஒரு குருவி தலையை உட முடியாது. அவ்வளவு பத்திரம்.

மில்லு மிசினுக்கா? இல்லீங்க, அதுக்கு ஆரும் போடலை. மூடி அங்கதான் கெடக்குது, போசி வெச்சிருக்காங்க. சுவிட்சும் ரூம்லதான். நான் பேத்த கதவுக்கு மட்டும் புதுசாக் கதவு போட்டுட்டாரு. ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? அடுத்தவன் மில்லுல நாம போயி அதை மாட்டு இதை மாட்டுன்னு சொல்ல முடியுங்களா?

கெணத்துக்கடவு வந்துருச்சு. இன்னும் பாதி தூரம். இந்த டிரைவர் எதுக்கு இப்படி உருட்டறான்னே தெரியலை. ஓட்டுனாலும் பயம், உருட்டுனாலும் எரிச்சல்.

இப்பத்தான் சார் விசயத்துக்கு வர்றேன். துளசி எனக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லாம கோர்ட்டுல இலவசமா வக்கீல் வெச்சுக் குடுக்கறாங்களாமே, அங்க போயிருக்கா. ஒண்டியா! லேபர் ஆபீசுல நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டுட்டா. ஊருக்கெல்லாம் பேசி முடிக்கறவன் நான், எந்தங்கச்சி என்னையக் கேக்காம கேசுக்குப் போறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? தலை நிமுந்து நடக்க முடியுங்களா?

அது ஒரு பக்கம். அதுக்கு அண்ணன் பக்கத்துல இருந்து பதில் போட்டிருக்காங்க. அவரே கூப்புட்டுக் காட்டினாரு. அதுல என்ன இருக்குதுங்கறீங்க? மில்லுல விபத்தே நடக்கலையாமா. ‘அண்ணன் திருமூர்த்தி வீட்டில் கூலிக்குத் தட்டு வெட்டும்போது, மூடியில்லாத மிசினில், மேற்படி திருமூர்த்தியின் கவனக்குறைவால்’னு போட்டிருக்குது சார்! எந்தங்கச்சியை நான் கூலிக்கு வெப்பனா? என் மிசினுல கவனக்குறைவா? எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. அவரு தோள்ல தட்டிக் குடுத்து, ‘அது வக்கீல் பாசை திருமூர்த்தி, கண்டுக்காதே. நீ வந்து ஆஸ்பத்திரில சொன்னதை அப்படியே சொன்னாப் போதும்’னாரு. நான் அவருக்குச் சாட்சி சார் இன்னைக்கு. அதுக்குத்தான் போறேன்.

வடக்கத்திப் பசங்களா? அப்பவே ஊருக்கு அனுப்பீட்டாரு. எந்த ஊருன்னு ஆருக்குத் தெரியும்? பாத்தவன்னு மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான்.

என்ன சொல்றீங்க? என் மிசினுன்னு நானே ஒத்துக்கிட்டா பொறுப்பு என் மேல திரும்புமா? அய்யோ, அதை அவரு சொல்லவே இல்லையே சார்! கவனக்குறைவுங்கறது வெறும் பாசை இல்லீங்களா? பாத்தீங்களா, பாத்தீங்களா, இதுக்குத்தான் படிச்சவங்களைப் பக்கத்துல வெச்சுக்கோணுங்கறது. அப்ப ஆஸ்பத்திரில எழுதினது? எழுதினது எழுதினதுதானே, அழிக்க முடியாதே? ஓகோ. அது முடிஞ்ச முடிவு இல்லைங்கறீங்க. பாத்தவன் வந்து நேர்ல சொன்னா அதையும் கேப்பாங்கங்கறீங்க. இதை ஏன் எவனும் எனக்குச் சொல்லலை?

மறுக்காப் போன். பாருங்க, எப்படித் துள்ளுதுன்னு. உக்கடத்துல காரை அனுப்பறன்னு சொன்னாரு. காலைல ஊருக்கே அனுப்பறன்னாரு, நான்தான் வேண்டாம்னேன். ஊரு பாக்க அவரு காருல ஏறி, எந்தங்கச்சிக்கு எதிரா சாட்சி சொல்லப் போறது நல்லா இருக்காதுன்னு பஸ்சுக்கு வந்தேன். வந்து பாத்தா, அதே பஸ்சு.

ஆமாங்க. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, அரக்குச் சீலை. அதுதான் துளசிமணி. பொள்ளாச்சி ஸ்டாண்டுல என்னையப் பாத்தா. பாத்துட்டு முன் வாசல்ல ஏறிட்டா. நான் பின் வாசல்ல ஏறினேன். இது வரைக்கும் திரும்பலை. அந்தக் கொண்டையைப் புள்ளைதான் போட்டு உட்டிருக்கும். கோணலாப் போட்டிருக்கு பாருங்க.

அய்யய்யோ! என்ன பிரேக்கு இது! எந்தலை இடிச்சிருக்கும் சார். அவ... பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? கம்பியைப் புடிக்க இல்லாத கையை நீட்டினா. நீட்டி, முன் சீட்டுல போயி மோதி... இருங்க, நான் சித்தெ... இல்லை, வேண்டாம். பக்கத்துல இருக்கற அம்மா புடிச்சுக்கிச்சு. நல்ல அம்மா. நான் போனா மூஞ்சியைத் திருப்பிக்குவா. உக்காந்துக்கறேன்.

இல்லீங்க, அழுகலை. கண்ணுல தூசி கீசி உழுந்திருக்கும்.

சார், இன்னொரு சந்தேகம். அங்க சாட்சி சொல்றப்ப சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களா? சும்மா வாயிலயா? கல்பூரம் கெடையாதுங்களா? எங்கூருல கோயிலு முன்னால கல்பூரத்தைப் பத்த வெச்சு, ‘நான் சொல்றது பொய்யா இருந்தா’ன்னு கையில அணைச்சாத்தான் சத்தியம். எத்தனை பேர்த்தை நானே அணைக்க வெச்சிருக்கேன். அணைக்கறதுக்கு முன்னாலயே பாதிப்பேரு உண்மையைச் சொல்லீருவான். கல்பூரம் இல்லாத சத்தியம் எப்படீங்க செல்லும்? மீறிப் பொய் சொன்னா என்ன, செயிலா? செயிலுக்கே போடலாமா? சரி, சரி. செயிலை உடுங்க.

ஈச்சனாரி வந்துருச்சு. கன்னத்துல போட்டுக்கங்க. புள்ளையாரே, என்னமாச்சும் ஒரு வழியைக் காட்டு.

வழி கெடைச்சுருச்சு சார்! நான் சொல்றதைக் கேளுங்க. அங்க போயி நின்னு என்ன சொல்றேன்னா, ‘அய்யா, என் மிசினுல எதுவும் நடக்கலீங்க’. அவ்வளவுதான். கனகராசண்ணன் பேரையே எடுக்கலை. மில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவரு மேல நான் பழி போட்டதா ஆகாது. துளசிக்கும் எதிராச் சொன்னதா ஆகாது. என் மிசினு பேரும் சுத்தமாயிருச்சு. ஊருக்குப் போயி, ராசாத்தி, உன்ர ஆட்டுத்தழையைக் கொண்டா, கோர்ட்டே சொல்லிருச்சுங்கலாம். எப்படி? ஒருத்தருக்கும் வருத்தமில்லாம முடிஞ்சுதா? இதுக்குத்தான் சார் எங்கூருல என்னையக் கூப்புடறது.

ஏன் சார் தலையை ஆட்டறீங்க? அதுல ஓட்டை ஏதாச்சும் இருக்குதா?

உக்கடம், உக்கடம். எறங்கலாமுங்க. இல்லீங்க, நீங்க பின்னால போங்க, நான் முன் வாசலுக்குப் போறேன். அவ பையை வெச்சுக்கிட்டு எப்படி எறங்குவா? இருக்கற கையில பையைப் புடிச்சா கம்பியை எதுல புடிக்கறது? படி வேற இத்தனை ஒசரம். ஏனுங்க, சித்தெ வழி உடுங்க. ஏப்பா டிரைவரு, எடுத்துறாதே, பொம்பளை எறங்குது!

குடு அம்மணி பையை. நான்தான். கம்பியைப் புடிச்சு எறங்கு. பாத்து, பாத்து. ம். எறங்கிட்டியா? தண்ணி ஏதாச்சும் குடிக்கறியா? மூஞ்சியெல்லாம் வேத்திருக்குது. பிரேக்கு போட்டப்ப இடிச்சுதே, வலிக்குதா?

பை இருக்கட்டும் அம்மணி, நான் கொண்டாறேன்.

சார், போயிறாதீங்க, ஒரு நிமிசம். அந்தா நிக்குது பாருங்க வெள்ளைக் காரு. அவரே வந்திருக்காரு. கையைக் காட்டறாரு. என்ன பண்றது இப்ப? வர்றனுங்கண்ணா, வர்றேன், இதோ...

என்ன அம்மணி? அங்க வந்து என்ன சொல்லுவேன்னா? நான் எல்லாம் ரோசனை பண்ணி வெச்சிருக்கறேன். நம்ம மிசினுல நடக்கலைன்னு அடிச்சுச் சொல்லீருவேன். இந்த வக்கீல் சாருகிட்டக் கூடக் கேட்டுட்டேன்.

அப்பறமா? அப்பறம் என்ன, அவ்வளவுதான்.

அங்க நடக்கலைன்னா எங்க நடந்துச்சுன்னு கேப்பாங்களா?

கேப்பாங்களா சார்?

அம்மணி, அவரு இங்கயே பாக்கறாரு. இங்க வேண்டாமே. சனமெல்லாம் நிக்குது. அங்க போயிப் பேசிக்கலாம். இல்ல, நான் சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? சொல்றேன். மெல்லச் சொல்றேன். மில்லுல.

சத்தமாவா?

மில்லுலதான் அம்மணி! கனகராசண்ணன் மில்லுலதான். மூடி இல்லாத மிசினுல. என் கண்ணு முன்னால. நீ ‘அண்ணா’ன்னு கூப்புட்டே. நான் ஓடினேன், ரூமு பூட்டிக் கெடந்துச்சு. போதுமா? அய்யோ, எல்லாரும் பாக்கறாங்களே. அவருக்குக் கேட்டிருக்கும் சார். காரு கதவைச் சாத்தறாரு. கெளம்பிட்டாரு. மட்டை இனி எங்க போடறது நான்?

இத்தனை சொல்லியும் பையைப் புடுங்கிக்கிட்டா பாருங்க! ஏ அம்மணி, அந்தப் பக்கம் எங்க போறே? காரு போயிருச்சு, எனக்கு ஆபீசு எங்க இருக்குதுன்னு தெரியாது. பாரு, காதுல போட்டுக்காம நடக்கறா. அவ எத்தனை வாட்டி ஒண்டியா வந்துட்டுப் போயிருக்காளோ, டவுன் பஸ்சு நம்பரு வரைக்கும் தெரிஞ்சிருக்குது. நான் வர்றனுங்க சார். அவ ஏறீட்டான்னா எனக்கு வழி கேக்க ஆளில்லை. துளசி, நில்லு, நானும் வர்றேன்!